நிபந்தனை நிகழ்தகவு

ஒரு நிகழ்ச்சி நடந்துவிட்டது என்று தெரிந்த பின், மற்றொன்று நடக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதே நிபந்தனை நிகழ்தகவு. இரண்டும் சேர்ந்து நிகழும் நிகழ்தகவைத் தெரிந்த நிகழ்ச்சியின் நிகழ்தகவால் வகுத்தால் இது கிடைக்கும்.

வரலாறு: விளைவைக் கொண்டு காரணத்தை எடைபோடும் கணக்கை எழுதிவைத்தவர் இங்கிலாந்துப் பாதிரியார் தாமஸ் பேய்ஸ். மேசையில் ஒரு பந்து எங்கே நின்றது என்று பாராமல், பின்னர் உருட்டிய பந்துகள் அதற்கு எந்தப் பக்கம் நின்றன என்பதை மட்டும் கொண்டு அதன் இடத்தை ஊகிப்பது அவர் காட்டிய வழி. அவர் 1761-இல் இறந்தார். நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் 1763-இல் அதை வெளியிட்டார். கண்பார்வையற்ற கணிதப் பேராசிரியர் நிக்கோலஸ் சாண்டர்சன் இதை முன்பே கண்டிருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. கணிதவியலாளர் லாப்லாஸ் 1774-இல் தனியே இதை வளர்த்தார். 1933-இல் கணிதவியலாளர் கொல்மோகோரோவ் நிபந்தனை நிகழ்தகவின் இன்றைய வரையறையை நிலைநாட்டினார்.

மருத்துவத்தில்: அரிய நோய்க்கு ஒரே சோதனையை நம்பிவிட முடியாது. 1986-இல் சென்னையில் எச்.ஐ.வி. முதன்முதலாகத் தெரியவந்தபோது, நேர்மறை காட்டிய 6 பேரின் இரத்தம் மீண்டும் எடுக்கப்பட்டு, அமெரிக்காவில் வேறு முறையில் உறுதிசெய்யப்பட்டது.

மதுரையில் 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் நடந்த ஒரு சோதனை இக்கணக்குக்கு நல்ல எடுத்துக்காட்டு. சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பைப் படத்தில் கண்டறியும் கணினி முறை, அங்கும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் 3,049 பேரிடம் சோதிக்கப்பட்டது. 2019-இல் வெளியான முடிவின்படி, மதுரையில் மிதமான அல்லது அதைவிடக் கடுமையான பாதிப்புள்ளோரில் 88.9 விழுக்காட்டினரை அது பிடித்தது; அப்பாதிப்பு இல்லாதோரில் 92.2 விழுக்காட்டினரைச் சரியாக விலக்கியது.

திருமங்கலத்தில் ஒரு முகாமுக்கு 1,000 சர்க்கரை நோயாளிகள் வருவதாகவும், 150 பேருக்கு இப்பாதிப்பு இருப்பதாகவும் கொள்வோம். கருவி அவர்களில் 133 பேரைப் பிடிக்கும். மற்ற 850 பேரில் 66 பேரையும் தவறாகச் சேர்க்கும். சிக்கிய 199 பேரில் உண்மையில் பாதிக்கப்பட்டோர் 67 விழுக்காடு. பாதிக்கப்பட்டோர் 20 பேர்தான் என்றால், சிக்கும் 94 பேரில் 18 பேருக்கே பாதிப்பு இருக்கும். விகிதம் 19 விழுக்காடாகச் சரியும். கருவி மாறவில்லை, கூட்டம்தான் மாறியது. நோயுள்ளவர் சோதனையில் சிக்கும் வாய்ப்பும், சிக்கியவருக்கு நோய் இருக்கும் வாய்ப்பும் ஒன்றல்ல.

மேலே 150 பேர், 20 பேர் என்று கொண்டது போன்ற தொடக்க வாய்ப்பை எங்கிருந்து பெறுவது என்பதில் புள்ளியியலாளரிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. வேண்டாத மின்னஞ்சலைப் பிரிப்பதிலும் இக்கணக்கு பயன்படுகிறது.