இளவரசும் வாரிசும்

மன்னனுக்குப் பிறந்த மகன் எவனையும் இளவரசன் என்றழைப்பது இன்று நம் வழக்கம். சோழர் காலத்திலோ அது பிறப்பால் வந்த பெயரன்று, சூட்டப்பெற்ற பட்டம். வடமொழியில் யுவராசன் என்பதும் தமிழில் இளங்கோ என்பதும் இதற்கு நிகரான சொற்களே.

சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் இளவரசுப் பட்டம் பெற்றும் அரியணை ஏறுமுன் கொலையுண்டான். அடுத்து ஆண்ட உத்தம சோழருக்கு மகன் இருந்தான். எனினும் இளவரசாக்கப்பட்டவர் ஆதித்தனின் தம்பி அருள்மொழி என்று திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. 985இல் முடிசூடிய இராசராசர் அவரே. உத்தமரின் மகனோ அவர் ஆட்சியில் கோயிற் பணிகளைக் கவனித்து வந்தான். பதவி மூப்புப் பட்டியலோடு நாள்தோறும் மல்லாடும் நமக்கு இது வியப்பளிக்காமல் இராது!

இராசேந்திரர் 1012இல் இளவரசுப் பட்டம் பெற்றார். இராசராசர் 1014 வரை வாழ்ந்தார். ஆயினும் மைந்தரின் ஆட்சியாண்டு 1012 முதலே கணக்கிடப்படுகிறது. இராசாதிராசர் 1018 தொட்டுத் தந்தை மறைந்த 1044 வரை, 26 ஆண்டுகள் அவரோடு உடனிருந்து ஆண்டார். காத்திருந்தவர் என்று இவரைச் சொல்வது பொருந்துமா?

பட்டம் கிடைத்தும் அரியணை எளிதில் கிட்டாத கதை நாம் வாழும் மராட்டிய மண்ணிலும் உண்டு. 1674இல் இராய்கட்டில் சிவாஜி முடிசூடியபோது சம்பாஜி யுவராசரானார். 1680இல் சிவாஜி மறைந்ததும் முதலில் அரியணையில் அமர்த்தப்பட்டவர் சிறுவர் இராஜாராமே. கோட்டையைக் கைப்பற்றிய பின்னரே சம்பாஜி அரசரானார்.

அரசர்கள் போயினர், 'வாரிசு' நிலைத்துவிட்டது. அரபு மூலத்தினின்று வந்த இச்சொல்லை நம் மராத்திய அண்டை வீட்டார் 'வாரஸ்' என்பர். உயிரோடிருப்பவருக்குச் சட்டப்படி வாரிசு இல்லை. இறந்த பின்னரே அவ்வுரிமை பிறக்கிறது. நம் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலுமோ, ஆண் குழந்தை பிறந்தவுடனேயே, "வாரிசு வந்துவிட்டான்" என்று சர்க்கரை வழங்குகிறோம். பெண் பிறந்தால் இச்சொல் நம் நாவில் எழுவதில்லை. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை உண்டெனத் தமிழ்நாடு 1989இலும், மராட்டியம் 1994இலும், நாடு முழுமைக்குமாக நடுவணரசு 2005இலும் சட்டம் செய்தாயிற்று. ஆயினும், ஊரிலுள்ள நிலத்துக்காக வாரிசுச் சான்றிதழ் கோரும் மனுவை எழுத நம்மிடம் வருவோருள், மணமாகிச் சென்ற மகளின் பெயரை விட்டுவிடுமாறு வேண்டுவோர் இன்றும் உளர். அவ்வாறு நாம் எழுதித் தருவதில்லை.