உடைப்புக்கு முன்பே

புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் குடைவரையை ஒட்டிய பாறையில் பொறித்த ஏழாம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டைத் தேடித்தான் வருகிறார்கள். இந்த வட்டாரத்தின் இன்னொரு பேரறிவு கண்மாய்களுக்குள் நிற்கிறது. கரையிலிருந்து தள்ளி, நீருக்கு நடுவே எழும் இரண்டு கல்தூண்களும் அவற்றுக்கிடையே குறுக்குக் கற்களும் சேர்ந்ததுதான் குமிழித் தூம்பு. அடியிலுள்ள கல்தொட்டியின் துளையை மேலிருந்தே அடைக்கலாம், திறக்கலாம். நீரோடித் துளை வழியே தண்ணீரும் சேறோடித் துளை வழியே வண்டலும் இறங்கி, கரைக்குக் கீழே செல்லும் கல் வாய்க்காலில் வெளியேறும். மண்கரையைத் துளைத்துக்கொண்டு தண்ணீர் போகும் இடமே கரையின் பலவீனமான இடம். அங்கே கசிவு மண்ணை அரிக்கும், வண்டல் வாயை அடைக்கும். இந்த இரண்டும் நேர்வதற்கு முன்பே, கல்லை நடும்போதே அவற்றுக்கு வழி செய்திருக்கிறார்கள். கலிங்கும் அப்படித்தான். எவ்வளவு நீரைத் தேக்கலாம் என்பதோடு, தாங்காத நீர் எந்த வழியாகப் போகவேண்டும் என்றும் முதலிலேயே முடிவு செய்த கட்டுமானம் அது. ஆபத்தை வரைபட நிலையிலேயே கண்டறிவது என்று இன்றைய பாதுகாப்புப் பொறியியல் சொல்வது இதைத்தான்.

அப்படியானால் கரைகள் ஏன் உடைந்தன, உடைப்பை அடைத்த செய்திகள் கல்வெட்டுகளில் ஏன் வருகின்றன என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். கரைகள் உடைந்தன, பட்டுத்தான் பல பாடங்களைக் கற்றார்கள். ஆனால் பராமரிப்பை அவர்கள் உடைப்பு வரும்வரை தள்ளிப்போடவில்லை. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921), ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைக் குடவோலை மூலம் தேர்ந்தெடுத்ததைச் சொல்கிறது. ஏரியைப் பராமரிக்க ஏரிப்பட்டி என்று நிலம் ஒதுக்கினார்கள். மீன்பிடிக் குத்தகையான பாசிப்பாட்டம் தூர்வாரப் பயன்பட்டது. இவையெல்லாம் புண்ணியத்துக்காகச் செய்தவை, பாதுகாப்புக்காக அல்ல என்பாரும் உண்டு. கொடுத்தவர் மனத்தில் புண்ணியமே இருந்திருக்கட்டும். கொடை போய்ச் சேர்ந்த இடம் ஆண்டுதோறும் வண்டல் சேரும் குளம். அதுவே எனக்குப் போதுமான சான்று. சங்கிலித்தொடராக அமைந்த கண்மாய்களில் மேல் கண்மாயின் கலிங்கு நீரே கீழ்க் கண்மாயின் வரத்து. மேலே ஒரு கரை போனால் கீழே உள்ளவையும் வரிசையாகப் போகும். அதனால் தன் ஊர்க் கரையை மட்டும் பார்த்தவர் ஆபத்தில் பாதியைத்தான் பார்த்தவர்.

கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதைக் குஜராத்தின் மோர்பி காட்டியது. 1979 ஆகஸ்ட் 11 அன்று மச்சு-2 அணைக்கு வந்த வெள்ளம், அதன் வழிந்தோடிக்கு வடிவமைப்பில் கணக்கிட்டதைப் போல் இரு மடங்குக்கும் மேல். மண்கரை மீது நீர் ஏறிக் கரை போயிற்று, ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். நவீனக் கருவிகளும் பொறியாளர்களும் இருந்த காலத்தில் நடந்தது இது. 2021-ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளையும், சில நிபந்தனைகளோடு 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றையும் தன் வரம்பில் வைத்திருக்கிறது. புதுக்கோட்டையின் தாழ்ந்த கண்மாய்க் கரைகள் அந்த அளவுக்கு எட்டாதவை. அவற்றின் எலி வளையையும் நண்டு வளையையும் கசிவையும் கண்டுபிடிக்க, கரைமேல் நடந்து பார்க்கும் கண் வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியிலேயே, உங்கள் ஊர்க் கலிங்கின் வாயை யாரும் மண்போட்டு உயர்த்தியோ ஆக்கிரமித்தோ இருக்கிறார்களா என்று ஒருமுறை போய்ப் பாருங்கள்.