பூட்டுத் தொழிலாளியின் மகன்

அருப்புக்கோட்டையை விட்டுத் திருச்சுழி நோக்கி நடந்தால் இருபுறமும் வறண்ட நிலம். வானத்தை நம்பி விதைத்து, வானம் பொய்த்தால் வாடும் நிலம். முன்பு கமலை இறைத்த கிணறுகளில் இன்று மின்மோட்டார்கள் ஓடுகின்றன. ஓடுகின்றனவா? முனகுகின்றன, சூடேறுகின்றன, ஒருநாள் கருகுகின்றன! ஒரே கோடையில் இரண்டு முறை காயில் கட்டிய உழவர் ஒருவர் நம்மிடம் சொன்னார்: "நம்ம கெணத்துக்கு ராசி இல்ல, வாத்தியாரய்யா." மோட்டாருக்குப் பூச் சூட்டியிருந்தார், எலுமிச்சம்பழமும் கட்டியிருந்தார்.

அவர்மீது நமக்குச் சினம் இல்லை. ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலும் அறிந்திருந்தால் ராசியைத் தேடியிருக்கமாட்டார். அந்தக் கணக்கு அவர் வீட்டு வாசலுக்கு ஏன் வரவில்லை என்பதே நம் கேள்வி. அக்கணக்குக்கு ஒரு வரலாறு உண்டு. பூட்டியவன் ஒருவன், திறந்தவன் மற்றொருவன்.

பூட்டியவர் இங்கிலாந்தின் ஹென்றி கேவண்டிஷ். பிரபு குலத்தவர், பெருஞ்செல்வர். மின்னோட்டத்தை அளக்கும் கருவி பிறவாத காலத்தில், தம் உடலையே கருவியாக்கினார். உப்புநீர்க் குழாய்களின் வழியே வந்த மின்சாரத்தைத் தம் உடலில் பாயவிட்டு, அதிர்ச்சியின் அளவை ஒப்பிட்டார். அழுத்தம் கூடினால் ஓட்டமும் அதே அளவில் கூடும் என்று 1781இல் கண்டார். கண்டதை எழுதினார், எழுதியதை வெளியிடாமல் வைத்துக்கொண்டார்! 1810இல் அவர் மறைந்தார். மாக்சுவெல் அந்த ஏடுகளை அச்சேற்றியது 1879இல். இடையே 98 ஆண்டுகள்! அதே 1879இல்தான் பின்னாளில் ரமணர் என்று பெயர் பெற்றவர் திருச்சுழியில் பிறந்தார்; அதை நம் ஊரார் அறிவர். ஏடுகள் வெளிவந்த செய்தியை அறிந்தோர் எத்தனை பேர்?

திறந்தவர் கியோர்க் சைமன் ஓம். ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் 1789இல் பிறந்தவர். தந்தை பூட்டுத் தொழிலாளி. பள்ளிக் கல்வி பெறாதவர். தாமே படித்து, தாமே மகனுக்குக் கணிதம் புகட்டியவர். "பூட்டுச் செய்பவன் பிள்ளைக்குக் கணக்கெதற்கு?" என்று அந்தத் தந்தை எண்ணவில்லை. மகன் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியரானார்.

அந்நாளைய மின்கலங்கள் நிலையாக நில்லா. ஆகவே பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஓர் இணைப்பைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்து, மாறாத மின்னழுத்தம் பெற்றார். நீளம் வேறுபட்ட கம்பிகளை ஒவ்வொன்றாகப் பூட்டி, காந்த ஊசியின் விலக்கத்தை அளந்தார். முடிவை 1827இல் நூலாக்கினார். பாராட்டு வந்ததா? புறக்கணிப்பு வந்தது! இயற்கையைச் சோதனையால் அல்ல, தத்துவத்தால் அறியலாம் என்றிருந்த அறிஞர்கள் முகம் சுளித்தனர். ஓம் வேலையைத் துறந்தார். 1841இல் லண்டன் ராயல் கழகம் காப்லி பதக்கம் அளித்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1881இல் பாரிசில் கூடிய மின்னியலாளர் மாநாடு மின்தடையின் அலகுக்கு அவர் பெயரையே ஏற்றது.

அவர் தந்தது இதுதான்: மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. அவ்விரண்டையும் பெருக்கினால் மின்திறன். 230 வோல்ட்டில் எரியும் 60 வாட் குண்டு விளக்கில் ஓடுவது ஏறத்தாழ 0.26 ஆம்பியர், எனவே அதன் தடை சுமார் 880 ஓம். பீர் வடிப்பவரின் மகனான ஜூல் 1840களில் மேலும் ஒன்று காட்டினார்: கம்பியில் வெப்பமாக வீணாகும் திறன், ஓட்டத்தின் இருமடியைத் தடையால் பெருக்கியது.

இனி நம் கிணற்றுக்கு வருவோம். போகவும் வரவும் கம்பியின் தடை 2 ஓம் என்று கொள்வோம். 10 ஆம்பியர் ஓடினால் 20 வோல்ட் குறையும். 200 வாட் வீணாகும். 20 ஆம்பியர் ஓடினால் 40 வோல்ட் குறையும். வீணாவதோ 800 வாட்! இரட்டித்த ஓட்டத்துக்கு நான்கு மடங்கு இழப்பு. அழுத்தம் குறைந்தும் சுமை குறையாத மோட்டார் மேலும் ஓட்டத்தை இழுக்கிறது. இருமடிக் கணக்கில் சுருள் சூடேறிக் கருகுகிறது. ராசியா அது?

இழப்பைத் தடுக்கும் வழியும் அதே கணக்கில் இருக்கிறது. திருச்சுழிக்கு அப்பால் கமுதியருகே 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. அத்திறனை 230 வோல்ட்டில் அனுப்ப வேண்டுமானால், எளிய பெருக்கலின்படி, 28 லட்சம் ஆம்பியர் தேவை; எந்தக் கம்பி தாங்கும்? 4 லட்சம் வோல்ட்டில் அனுப்பினால் 1,620 ஆம்பியர் போதும். அதே கம்பியில் இழப்பு ஏறத்தாழ முப்பது லட்சத்தில் ஒரு பங்காகக் குறையும்! ஆகவேதான் மின்சாரம் உயரழுத்தத்தில் நெடுந்தொலைவு செல்கிறது.

தலைக்கு மேலே லட்சக்கணக்கான வோல்ட். கீழே கடைசிக் கம்பத்தில் மங்கும் விளக்கு! தோழர்களே, உங்கள் ஊரின் கடைசிக் கம்பம் எந்தத் தெருவில் நிற்கிறது என்று சென்று பாருங்கள். மின்மாற்றி எவர் வீட்டருகே, இருள் எவர் வீட்டருகே என்று எண்ணுங்கள். அங்கே மாலையில் எத்தனை வோல்ட் என்று, தேர்ந்த மின்பணியாளரை அழைத்து அளக்கச் செய்யுங்கள். கம்பியின் குறுக்குப் பரப்பை இரட்டித்தால் தடை பாதியாகும். மின்மாற்றி அருகே வந்தால் கம்பியின் நீளம் குறையும். இதை எண்களோடு எழுதி மனுவாகக் கொடுங்கள். "ராசியில்லை" என்ற புலம்பலுக்கு எந்த அலுவலகமும் பதில் சொல்ல வேண்டியதில்லை. "230 இருக்க வேண்டிய இடத்தில் 190 இருக்கிறது" என்ற கணக்குக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

பிரபு பூட்டிவைத்த அறிவை ஒரு தொழிலாளியின் மகன் திறந்தார். அதை மீண்டும் பாடநூலுக்குள் பூட்டும் பாவத்தை நாம் செய்யலாமா? அந்த உழவரின் மகள் நம் வகுப்பில்தான் படிக்கிறாள். சென்ற வாரம் அவள் கரும்பலகையில் அந்த வகுத்தலைச் செய்தாள். விடை சரியாக வந்தது. வீட்டில் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்கும்படி அனுப்பியிருக்கிறோம்.