வேதக்காரரின் வேதம்

மாங்குளத்திலும் வன்னியின் பிற ஊர்களிலும் ‘வேதக்காரர்’ என்றால் கிறிஸ்தவர். அதிலும் சிறப்பாகக் கத்தோலிக்கர். அவர்கள் கூடுமிடம் வேதக்கோயில். மதம் மாறியவர் ‘வேதத்தில் சேர்ந்தவர்’. வேதம் நூல் மட்டுமானால் ஒருவர் அதை வாசிக்கலாம். சேர்வதென்றால் சபையில்தான் சேரலாம். ஆகவே இவ்வழக்கில் வேதம் என்பது ஒரு சபையையும் அதன் வாழ்க்கை நெறியையும் குறிக்கிறது. மறைநூலுக்குத் தனியொருவர் தம் மதிப்படி பொருள் கொள்ளலாமா, திருச்சபையோடு இணைந்தே கொள்ளவேண்டுமா என்ற நெடிய வாதத்தில் கத்தோலிக்கரின் நிலைப்பாடு இச்சொல்லிலேயே பதிந்துள்ளது என்பது என் துணிபு.

கிறிஸ்தவர் எடுத்தாளுமுன்பே தமிழில் வேதத்துக்கு ‘எழுதாக்கிளவி’ என்று பெயர். ஆசிரியர் வாய்மொழியாகக் கேட்டுக் கொள்வது அது. கத்தோலிக்கர் அச்சொல்லோடு அந்த மரபையும் ஏற்றனர். 1578இல் அண்டிரிக்கு அடிகளார் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ மறைநூல் அன்று, கோட்பாட்டுச் சுருக்கம். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கம் ஒடுக்கப்பட்டிருந்தபோது யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் மறைநூல் வரலாற்றைத் ‘தேவ அருள் வேத புராணம்’ ஆக்கினார். புராணம் படிக்கக் கேட்பது நம்மவர் வழக்கம். புதிய ஏற்பாட்டை முழுநூலாக அச்சிட்டுத் தந்தவர்கள் சீர்திருத்தச் சபையினர்: தரங்கம்பாடியில் 1714-15இல் சீகன்பால்கு, கொழும்பில் 1759இல் பிலிப்பு தெ மெல்லோ. அவர்களிடையே வேதபுத்தகம், வேதாகமம் என்ற சொற்கள் வேரூன்றின; வேதம் நூலின் பெயராயிற்று.

மக்களுக்கு நூலைக் கொடுக்காததால் பிறந்த வழக்கைக் கோட்பாடாக உயர்த்தலாமா என்று கேட்கலாம். நூல் கத்தோலிக்கர் கைக்குத் தாமதமாக வந்தது குறைதான். ஆனால் 1546இல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் கண்டித்தது, சபை கொண்ட பொருளுக்கு எதிராகத் தன் மதியையே நம்பி மறைநூலைத் திரிப்பதைத்தான். அப்படியானால் சபை இறைவாக்குக்கு மேலானதா? 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதற்குத் தெளிவாக விடையளித்தது: போதிக்கும் அதிகாரம் இறைவாக்குக்கு மேற்பட்டதன்று, அதற்குப் பணிசெய்வது, மறைநூல் நம்பிக்கையாளர் எல்லோர்க்கும் எளிதில் கிடைக்கவும் வேண்டும். எவை மறைநூல்கள் என்ற பட்டியல் மறைநூலுக்குள் இல்லை. வாசித்து வழிபட்ட சபையே அதைக் கையளித்தது. நூலை நம்பிக் கையிலெடுப்பவர் அந்தச் சபையின் சாட்சியத்தை ஏற்கெனவே நம்பிவிட்டார். 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் சேர்ந்து ‘திருவிவிலியம்’ வெளியிட்டபின் நூலுக்குப் பொதுப்பெயர் ஒன்று கிடைத்துள்ளது. அந்த விவிலியத்தை ஒவ்வொருவரும் தாமே வாசிக்கவேண்டும். கண்ட பொருளைத் தமக்கு முன்னும் தம்மோடும் வாசித்தவர்களின் நம்பிக்கையில் உரைத்துப் பார்க்கவும் வேண்டும். வேதக்காரர் என்ற பெயர் நம்மிடம் கேட்பது இவ்விரண்டையும்தான்.