மார்கழிக்கு யார் போட்ட பூட்டு?

சங்ககிரி என்றதும் முதலில் ஞாபகத்துக்கு வருவது லாரி. அடுத்தது, தீரன் சின்னமலையை 1805-ல் வெள்ளைக்காரர்கள் தூக்கில் போட்ட மலைக்கோட்டை. அந்தக் கோட்டை நிழலில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார் என் நண்பர் ஒருவர். அவர் வீட்டுக் கல்யாணப் பேச்சில்தான் இந்த வார விஷயம் ஆரம்பமானது.

மாப்பிள்ளை அவர் மகன். அமெரிக்காவில் வேலை. சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது கிறிஸ்துமஸை ஒட்டிப் பதினைந்தே நாள். பெண்ணின் அக்கா ஸ்கூல் டீச்சர். அவருக்கும் அரையாண்டு விடுமுறை அப்போதுதான். மண்டபம் காலி. வாடகையில் பேரம் பேசலாம். சமையல்காரர், மேளக்காரர், போட்டோக்காரர் எல்லோரும் சும்மா இருக்கிறார்கள். எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஒரே ஒரு சிக்கல். அது மார்கழி.

"தை முதல் முகூர்த்தத்துக்கு மண்டபம் கேட்டேனுங்க. போன வருசமே புக் ஆயிருச்சாம். பையன் அதுக்குள்ள பிளேன் ஏறிருவான். மார்கழிக்கு இப்படிப் பூட்டுப் போட்டது யாருங்க? வரலாறு எல்லாம் எழுதறீங்களே, சொல்லுங்க பார்க்கலாம்!"

படித்தது பி.காம். ஆனாலும் கேட்டுவிட்டாரே என்று தேட ஆரம்பித்தேன்.

முதல் பூட்டு வானத்தில் இருக்கிறது. நமக்கு ஒரு வருடம் என்பது தேவர்களுக்கு ஒரு நாள் என்பது பழைய கணக்கு. சூரியன் வடக்கே நகரும் உத்தராயணம் அவர்களுக்குப் பகல். தெற்கே நகரும் தட்சிணாயனம் இரவு. மார்கழி அந்த இரவின் கடைசிப் பகுதி, அதாவது விடியற்காலை. விடியற்காலை சாமி கும்பிடுகிற நேரம். சொந்த விசேஷத்துக்கு அப்போது இடமில்லை. ஆக, மார்கழி கெட்ட மாதம் என்பதால் ஒதுக்கவில்லை. கடவுளுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். கீதையில் கிருஷ்ணனே மாதங்களில் தன்னை மார்கழி என்றுதான் சொல்லிக்கொள்கிறான். வடக்கே இதே மாதத்துக்குக் 'கர்மாஸ்' என்று பெயர். அங்கேயும் கெட்டிமேளம் கிடையாது.

சரி, உத்தராயணம் எப்போது ஆரம்பிக்கிறது? தை ஒன்றாம் தேதி என்பீர்கள். பஞ்சாங்கமும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் சூரியன் நிஜமாகவே வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22-ல். அதாவது மார்கழி பிறந்து ஒரு வாரத்துக்குள்!

எப்படி வந்தது இந்த வித்தியாசம்? பூமியின் அச்சு, சுற்றி ஓயப்போகும் பம்பரம்போல மிக மெதுவாகத் தலையாட்டுகிறது. அதனால் நட்சத்திரங்களை வைத்துப் போட்ட மாதக் கணக்கும் பருவமும் சுமார் 72 வருடத்துக்கு ஒரு நாள் வீதம் விலகிப்போகின்றன. 1863-ல் விவேகானந்தர் பிறந்தது மகர சங்கராந்தி அன்று. தேதி ஜனவரி 12. இப்போது நாம் பொங்கல் வைப்பது 14 அல்லது 15-ல். தை ஒன்றும் சூரியன் திரும்பும் நாளும் ஒன்றாக இருந்தது சுமார் 1,700 வருடங்களுக்கு முன்னால். அந்தக் கணக்கில்தான் இன்றைக்கும் மண்டபம் புக் செய்கிறோம்.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமல்ல. ஐரோப்பாவில் 1563-ல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்திலிருந்து ஜனவரி 6 வரை ஆடம்பரத் திருமணங்கள் கூடாது என்று விதித்தது. அங்கேயும் அது சாமிக்கு ஒதுக்கிய காலம். ஆனால் 19-ம் நூற்றாண்டு லண்டனில் நிலைமையே வேறு. தொழிலாளிகளுக்கு வருடத்தில் லீவு கிடைப்பதே சில நாட்கள்தான். கிறிஸ்துமஸ் அன்றைக்கே சர்ச்சில் ஜோடி ஜோடியாக வரிசையில் நின்று கல்யாணம் செய்துகொண்டார்கள். என் நண்பரின் பையன் மாதிரியேதான்.

நம் பக்கம் பூட்டை உடைத்தவர்கள் கிடையாதா? உண்டு. சங்ககிரிக்குப் பக்கத்து ஊரான ஈரோட்டிலிருந்து கிளம்பியவர் பெரியார். 1928-லிருந்து நடந்த சுயமரியாதைத் திருமணங்களில் ஐயர் இல்லை, பஞ்சாங்கம் இல்லை. வேண்டுமென்றே ராகு காலத்தில் மாலை மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. அதற்கு அவர்கள் கொடுத்த விலை சாதாரணமல்ல. 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் இப்படி ஒரு திருமணம் சட்டப்படி செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆயிரக்கணக்கான பெண்கள், 'நான் மனைவியா, இல்லையா? என் பிள்ளைக்குச் சொத்து உண்டா?' என்று தவித்திருப்பார்கள். அண்ணா முதல்வரான பிறகு 1967-ல் கொண்டுவந்த சட்டத் திருத்தம்தான் அந்தத் தவிப்பைத் தீர்த்தது. அது அமலுக்கு வந்தது 1968 ஜனவரியில், தை பிறந்து சில நாட்களில். நாள் பார்க்காத கல்யாணத்துக்கு நல்ல மாதத்தில் வழி பிறந்தது!

இவ்வளவையும் நண்பர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒப்பித்தேன். அவருடைய அப்பத்தா வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். வயது தொண்ணூறைத் தொடுகிறது.

"அதெல்லாம் இருக்கட்டும் சாமி. மார்கழியில காடு அறுக்காம காசு ஏது? காசில்லாம மொய் ஏது?"

பளிச்சென்று இருந்தது. நான் தேடிய எதிலும் இது இல்லை.

யோசித்துப் பாருங்கள். மேட்டூர் அணையின் கிழக்கு, மேற்குக் கால்வாய்களில் வழக்கமாகத் தண்ணீர் விடுவது ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை. மொத்தம் 137 நாள். சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கர் அதை நம்பியிருக்கிறது. தண்ணீர் நின்ற கையோடு மார்கழி. பயிர் வயலில் முற்றிக்கொண்டிருக்கும். பணப்பை காலி. அணை வருவதற்கு முன்பு மழையையும் கிணற்றையும் நம்பி விதைத்தவர்களுக்கும் இதே கதைதான். தை பிறந்தால்தான் அறுவடை. அப்புறம்தான் கையில் காசு.

மொய் என்பதும் அன்பளிப்பு மட்டுமல்ல. வட்டியில்லாக் கடன். நோட்டில் எழுதிவைத்து, அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்ய வேண்டும். ஊரே காசில்லாமல் இருக்கும்போது பத்திரிகை கொடுத்தால், கொடுத்தவருக்கும் நஷ்டம், வாங்கியவருக்கும் சங்கடம். விதைப்புக் காலமான ஆடியில் கல்யாணம் இல்லாததற்கும் இதே கணக்குப் பொருந்துகிறது. வானத்துப் பூட்டும் வயலுடைய பூட்டும் ஒரே கதவில் தொங்கியிருக்கின்றன. அதனால்தான் இத்தனை நூற்றாண்டுகள் திறக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்பத்தா விடவில்லை. "நம்ம பையனுக்கு மார்கழியில சம்பளம் போடுவாங்களா?"

"போனஸோட போடுவாங்க அப்பத்தா."

"அப்பறமென்ன, வெச்சுக்குங்க!"

அப்பத்தா சம்மதித்துவிட்டார். சம்மதிக்காதவர்கள் மற்ற எல்லோரும். பெண் வீட்டில் தயங்கினார்கள். பங்காளிகள் முகம் சுளித்தார்கள். நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் மார்கழியைத்தானே சொல்வார்கள் என்று நண்பருக்கே பயம் வந்துவிட்டது. கடைசியில் பையன் ஒரு வாரம் சம்பளமில்லாத லீவு போட்டு முன்னாலேயே வந்தான். கார்த்திகை 28-ல் தாலி கட்டினான். அக்கா டீச்சருக்கு அரையாண்டுப் பரீட்சை. முகூர்த்தத்துக்கு வந்துவிட்டு மத்தியானமே பஸ் ஏறிவிட்டார்.

மண்டபத்தில் மொய் மேஜைக்குப் போனேன். நோட்டுக்குப் பக்கத்தில் ஒரு க்யூ.ஆர். கோடு அட்டை. செல்போனைக் காட்டினால் போதும், பணம் போய்விடும். மொய் வைக்க இப்போது யாரும் அறுவடைக்குக் காத்திருப்பதில்லை. பஞ்சாங்கத்துக்குத்தான் இன்னும் யாரும் அதைச் சொல்லவில்லை.