தகடூர் மண் – 14: தெற்கு வாசல்

தர்மபுரி நான்கு ரோட்டிலிருந்து சேலம் பஸ் பிடித்தால் ஊர் எங்கே முடிகிறது என்றே தெரியாது. இலக்கியம்பட்டி, ஒட்டப்பட்டி என்று அரசு அலுவலகங்களும் வீட்டு மனைகளும் சாலையோடு கூடவே வரும். ஏழெட்டு கிலோமீட்டரில் அதியமான்கோட்டை. முன்பு தனிக் கிராமம், இப்போது நகரத்தின் தென்கோடிப் புறநகர். 1965-ல் மாவட்டம் பிறந்தபோது நகரம் ஏன் இந்தப் பக்கமாக நீண்டது என்று சென்ற வாரம் கேட்டிருந்தோம்.

விடை நிலத்தில் இருக்கிறது. மைசூர்ப் பீடபூமியிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக வரும் பெருவழி, தர்மபுரியைக் கடந்து தொப்பூர்க் கணவாயில் இறங்கித்தான் சேலம் சமவெளியைத் தொட முடியும். கணவாயைக் காக்க நினைப்பவன் அதற்கு வடக்கே மேட்டு நிலத்தில்தான் காவல் வைப்பான். ஹைதர் அலிக்கும் திப்புவுக்கும் கும்பினிக்காரர்களுக்கும் இது தெரிந்திருந்தது. அவர்களுக்கெல்லாம் முன்பே தெரிந்துவைத்திருந்தவன், தகடூர் என்ற பழம்பெயரில் இந்த ஊரை ஆண்ட அதியமான் அஞ்சி.

நெல்லிக்கனி கதையை இங்கே திரும்பச் சொல்லத் தேவையில்லை. அந்தக் கனி அவனுடைய போரை மறைத்துவிட்டது என்பதே என் வருத்தம். அசோகனின் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு ஒரே வரிசையில் நின்ற சதியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டார்கள். 1981-ல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் கிடைத்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு அதை முடித்துவைத்தது. சதியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி என்கிறது அது. தகடூர்க்காரன் பெயர் திருக்கோவிலூர்ப் பக்கம் எப்படிப் போனது? கோவலூரை அவன் வென்றிருந்தான். அதை இழந்தவன் மலையமான் திருமுடிக்காரி.

தகடூரின் அழிவு அந்த வெற்றியில்தான் தொடங்குகிறது. காரி சேரனிடம் போனான். கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியைக் கொன்று மலையைச் சேரன் கையில் கொடுத்தான். வள்ளல்கள் எழுவரில் ஒருவனை இன்னொருவன் கொன்றான் என்பதைப் பாடப்புத்தகம் மெல்லக் கடந்துவிடுகிறது. என் கணக்கில் இந்தக் கதையின் வில்லன் சேரன் அல்ல, காரிதான். ஊரை இழந்த கோபம் நியாயம். அதற்கு விலையாக ஓரியின் உயிரைக் கொடுத்தது நியாயமே இல்லை.

கொல்லிக் கூற்றத்தில் அதியமானையும் அவனுக்குத் துணை வந்த இரு பெருவேந்தரையும் ஒருசேர வென்று, தகடூர்க் கோட்டையை அழித்தான் அந்தச் சேரன், பெருஞ்சேரல் இரும்பொறை. முரசு கட்டிலில் அறியாமல் படுத்துத் தூங்கிய மோசிகீரனாருக்குச் சாமரம் வீசினானே, அதே மன்னன்தான். புலவனுக்கு விசிறிய கை ஒரு தலைநகரையே தரைமட்டமாக்கியது. பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தைப் பாடியதற்காக அரிசில் கிழாருக்கு ஒன்பது லட்சம் பொற்காசும் அரியணையும் கொடுத்தான் என்கிறது பதிகம். கிழார் அரியணையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அமைச்சராக இருந்தார். அதே கிழார்தான், தகடூர்ப் போரில் மாண்ட எழினிக்காகப் புறநானூற்றில் எமனைப் பழித்துக் கையறுநிலை பாடியவர். வென்றவனிடம் பரிசு பெற்ற வாயாலேயே தோற்ற பக்கத்து வீரனுக்காக அழுதிருக்கிறார். இந்தப் போரில் நான் தலைவணங்கும் மனிதர் அவர் ஒருவரே. போரைப் பாடிய தகடூர் யாத்திரை முழுதாகக் கிடைக்காமல் போனது தமிழுக்குப் பெரிய இழப்பு.

அதியமான்கோட்டைக் காலபைரவர் கோயில் அதியமான் கட்டியது என்பார்கள் ஊரார். இன்று நிற்கும் கட்டடம் பிற்காலத்தது. தேய்பிறை அஷ்டமியன்று போய்ப் பாருங்கள். சாம்பல் பூசணியை இரண்டாகப் பிளந்து, விதையை வழித்தெடுத்து, எண்ணெய் ஊற்றித் திரி போட்டு வரிசை வரிசையாக ஏற்றிவைக்கிறார்கள். தரையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. பெங்களூரிலிருந்துகூடக் கார்கள் வருகின்றன. பூசணிக் கடை, டீக்கடை, பார்க்கிங் என்று ஊர் விரிய இந்தக் கூட்டமும் ஒரு காரணம். பாலக்கோடு வழியாக ஓசூர் போகும் 844-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும் இங்கே பெங்களூர்–சேலம் சாலையோடு சேர்வதால், அஞ்சி காத்த வழியில் இப்போது லாரிகள் பிரிகின்றன.

1906-ல் மோரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு வந்த குறும்பாதை ரயிலையும், 1965 அக்டோபர் 2-ல் சேலத்திலிருந்து மாவட்டம் பிரிந்ததையும் அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம். அதற்குள் அதியமான்கோட்டை போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பைரவரைக் கும்பிட்டதும் பஸ் ஏறிவிடாதீர்கள். அதே ஊரில் சென்றாயப் பெருமாள் கோயில் இருக்கிறது. அதன் மண்டப விதானத்தில் இராமாயண, பாரதக் காட்சிகள் பழைய வண்ணத்தில் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. பிள்ளைகளையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள். சுவரைத் தொடவிடாதீர்கள்.