வெள்ளி ரூபாயும் அதன் தேய்மானமும்

நம் சங்கக் கூட்டங்களில் நண்பர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வீட்டுல பாட்டி காலத்து வெள்ளி ரூபாய் கொஞ்சம் இருக்கு. என்ன விலை போகும்?" எந்த ராஜா, எந்த ஆண்டு என்று சொன்னால் போதும் என்று நினைக்கிறார்கள். அது பாதி விஷயம்தான். காசு எந்த நிலையில் இருக்கிறது என்பது மீதிப் பாதி. சரித்திரம் படித்தவன் என்ற முறையில் அந்த மீதிப் பாதியைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன்.

காசின் நிலை பார்ப்பது இன்றைய சேகரிப்பாளர்கள் கண்டுபிடித்த வித்தை அல்ல. சங்கப் புலவர்களில் வடவண்ணக்கன் தாமோதரனார் என்று ஒருவர் இருக்கிறார். நாணயத்தின் தரம் பார்ப்பவனே வண்ணக்கன். பிற்காலத்தில் அந்த வேலையைச் செய்தவர்கள் சராப்புகள். வங்காளத்தில் அவர்கள் வைத்ததுதான் சட்டம். அச்சடித்த ஆண்டில் சிக்கா ரூபாய்க்கு முழு மதிப்பு. மறு ஆண்டு பிறந்துவிட்டால் 'தேய்ந்துவிட்டது' என்று சொல்லி வட்டம் பிடிப்பார்கள். அடுத்த ஆண்டு வட்டம் இன்னும் கூடும். பெட்டியை விட்டு வெளியே வராத காசுக்கும் இதே கதிதான்! காசைப் பார்க்காமல், அதில் பொறித்த ஆட்சியாண்டைப் பார்த்தே தேய்மானம் கணக்கிட்டார்கள். நஷ்டம் வரி கட்டும் குடியானவன் தலையில் விழுந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனி இதற்கு ஒரு வேடிக்கையான வைத்தியம் செய்தது. எந்த ஆண்டு அச்சடித்தாலும் ஷா ஆலம் பாதுஷாவின் 19ஆம் ஆட்சியாண்டையே பொறித்தார்கள். ஆண்டு மாறாவிட்டால் வட்டம் எப்படிப் பிடிப்பது? பாதுஷா 1806இல் காலமானார்; அவர் பெயர் மட்டும் 1835 வரை காசில் வாழ்ந்தது.

1835ஆம் ஆண்டுச் சட்டம் ஒரே ரூபாயைக் கொண்டுவந்தது. எடை 180 கிரெய்ன், அதாவது 11.66 கிராம். 12இல் 11 பங்கு வெள்ளி. தேய்மானத்துக்கும் சட்டம் எல்லை கட்டியது. 1906ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி எடை நூற்றுக்கு இரண்டுக்கு மேல் குறைந்தால் ரூபாய் செல்லாது. கணக்குப் போட்டால் சுமார் 11.43 கிராம் வரும். நகைக்கடைத் தராசில் உங்கள் ரூபாயை வைத்துப் பாருங்கள், எவ்வளவு ஊர் சுற்றியது என்று அதுவே சொல்லிவிடும். எடை ரொம்பவும் குறைந்து, விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடும் தெரிந்தால் வார்ப்புப் போலி என்று சந்தேகப்படலாம். 1940 முதல் வந்த ரூபாயில் வெள்ளி பாதிதான். 1947இல் அதுவும் போய் நிக்கல் வந்தது.

எடைக்கு அடுத்தது கண். காசில் எது மேடாக இருக்கிறதோ அதுதான் முதலில் தேயும். 1862 முதல் வந்த விக்டோரியா ரூபாயில் கிரீடத்தின் முத்துக்கள், கன்னம், மார்புச் சட்டையின் பூவேலை. எட்வர்டுக்குக் கிரீடம் இல்லை, அதனால் காதும் காதுக்கு மேலே உள்ள முடியும். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் அங்கியில் உள்ள யானையைப் பார்க்க வேண்டும். 1911இல் அந்த யானையின் தும்பிக்கை குட்டையாகி, பன்றி மாதிரி இருக்கிறது என்று பெரிய சலசலப்பு, 1912இல் திருத்தினார்கள். 1911 ரூபாய் வைத்திருப்பவர்கள் அந்த 'பன்றி' தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

ஓர் இடம் மழுங்கியிருந்தாலே தேய்மானம் என்று முடிவு கட்டக்கூடாது. அச்சு சரியாக அழுந்தாமல் போயிருக்கலாம். காசை விளக்கடியில் சாய்த்துத் திருப்பினால் புதுக்காசின் மினுமினுப்பு சக்கரம் போலச் சுற்றிவரும். மழுங்கிய இடத்திலும் அது ஓடினால் அச்சின் குறை. அங்கே மட்டும் மங்கிச் சாம்பலாக நின்றால் கைபட்ட தேய்மானம்.

தரத்துக்கு வைத்த பெயர்களில் ஏமாந்துவிடாதீர்கள். ஏல அட்டவணையில் 'ஃபைன்' என்று போட்டிருந்தால் காசு நன்றாகவே தேய்ந்தது என்று அர்த்தம்! அதற்கு மேல் 'வெரி ஃபைன்', 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்', கைபடாத 'அன்சர்குலேட்டட்'. 1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் செப்புக் காசுகளுக்காக 1 முதல் 70 வரை மதிப்பெண் வகுத்தார். 70 வாங்கிய காசு 1 வாங்கியதைப் போல 70 மடங்கு விலை என்பது அவர் கணக்கு. விலைக் கணக்கு நிலைக்கவில்லை, மதிப்பெண் மட்டும் எல்லாக் காசுக்கும் பரவிவிட்டது.

இனி நம் வீடுகளில் நடக்கும் கொடுமைக்கு வருகிறேன். குத்துவிளக்குக்குப் புளி, வெள்ளிக் கிண்ணத்துக்கு விபூதி என்ற பழக்கத்தில் காசையும் எடுத்துத் தேய்த்துவிடுகிறார்கள். பளபளவென்றுதான் இருக்கும். ஆனால் லென்ஸில் பார்த்தால் ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள், மேலே செத்த வெண்மை, எழுத்துக்களின் இடுக்கில் மட்டும் பழைய கருப்பு. நூறு ஆண்டு கைமாறித் தேய்ந்த காசுக்குக் கூட ஒரு விலை உண்டு. இப்படித் தேய்த்த காசை அனேகமாக வெள்ளி விலைக்குத்தான் கேட்பார்கள். காற்றிலுள்ள கந்தகம் பட்டு வெள்ளி கருப்பது இயல்பு. அந்தக் கருப்பு சமமாகப் படர்ந்திருந்தால் காசுக்கு அது அழகு, அத்தாட்சியும் கூட. மாலையில் கோப்பதற்காக வளையம் பற்றவைத்து, பிறகு அதை அராவி எடுத்த காசு நம் பக்கம் நிறைய. விளிம்பில் 12 மணி இடத்தைத் தடவிப் பாருங்கள்.

அபூர்வ ஆண்டு என்றால் இன்னொரு எச்சரிக்கை. ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் கிடைப்பது மிக அரிது, 1938 அவ்வளவு அரிதல்ல. அதனால் யாராவது 1939 என்று நீட்டினால், ராஜா முகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் லென்ஸை அந்தக் கடைசி எண்ணின் மேல் வையுங்கள்.